கம்பிக்கும் கட்டைக்கும் நடுவே

வடாம் என்றுதான் சொன்னான். கோகிலவாணிக்குக் காது நன்றாகவே கேட்கும். கண்ணாடிக் கதவு பாதி சாத்தியிருந்தது, உள்ளே ஏசி உறுமிக்கொண்டிருந்தது, கீபோர்டு விற்கிறவர் ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார், அத்தனையையும் தாண்டி அந்த ஒரு சொல் மட்டும் வெளியே வந்து அவள் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் ஸ்டூலருகே நின்றது. கிட்டாரை மொட்டை மாடியில் வடாம் மாதிரி காயப்போட்டார்களாம். பிறகு சிரிப்பு. கீபோர்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார், கை மட்டும் ஸ்வரத்தை விடவில்லை. அவளுடைய கிட்டார் கண்ணாடி மேஜைமேல் மல்லாந்து கிடந்தது. கொஞ்ச நேரம் முன்னால்தான் கடைப் பையன் நிர்மல், சட்டையில் பெயர் குத்தியிருக்கிறது, அதை எடுத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்து நெடுகப் பார்த்துவிட்டு, வெயில்ல எங்கயாவது வெச்சீங்களா சிஸ்டர், என்று சாதாரணமாகக் கேட்டான். ஆமாம் என்றாள். எங்கே என்றான். மாடியில், அம்மா, ஒரு மத்தியானம், என்று சொன்னாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். ஆமாம் என்பதும் மூன்றெழுத்து, இல்லை என்பதும் மூன்றெழுத்து, இல்லை என்று சொல்லியிருந்தால் அவனுக்கு என்ன தெரிந்திருக்கப்போகிறது. வெயில் பட்டால் வாரண்டி கிடையாது, முதலாளி சாப்பிடப் போயிருக்கிறார், வந்து பார்த்துச் சொல்வார், ஆனால் சான்ஸ் கம்மி என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். போனவன் அந்த உண்மையைக் கையோடு எடுத்துக்கொண்டு போய் அங்கே சிரிப்பாகச் செலவழித்துவிட்டான். அவள் எழுந்து கதவைத் தள்ளி, என்ன சிரிப்பு, என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஸ்டூலின் ஒரு கால் குட்டை. கோபத்தில் கொஞ்சம் அசைந்தாலும் அது டக்கென்று சத்தம் போட்டது, அதனால் கோபத்தைக்கூட அசையாமல் படவேண்டியிருந்தது.

அம்மா வடாம் காயப்போடவில்லை. அதை யாரிடம் போய்ச் சொல்வது. அம்மாவின் தம்பி, வேலு மாமா, கொருக்குப்பேட்டையில் மேளம் அடிப்பவர். அடிப்பதற்கு முன்னால் தோலைச் சூடு காட்டாமல் தொடவே மாட்டார். வைக்கோலைக் கொளுத்திக் காட்டுவார், அதற்கு வழியில்லாத இடத்தில் வெயிலில் சாய்த்துவைத்து விரலால் சுண்டிச் சுண்டிப் பார்ப்பார். தொப்பென்று விழுகிற சத்தம் மெதுவாக எழுந்து வந்து கிண்ணென்று நிற்கும். தாத்தாவும் அப்படித்தான், அம்மா பிறந்ததிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவள். மழை விடாமல் பெய்த அந்த வாரம் எக்ஸ்போர்ட் கம்பெனியிலிருந்து வந்து, அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே, மகள் கட்டிலில் உட்கார்ந்து டப்பு டப்பென்று எதையோ தட்டுவதுபோல் வாசிப்பதைக் கேட்டாள். வாசிப்பதா அது. ஒரு கம்பியும் பேசவில்லை, எல்லாம் தொண்டை கட்டின மாதிரி. ஈரம் எறங்கியிருக்கும்டி, என்றாள். மறுநாள் வெயில் அடித்தது, அம்மாவுக்கு லீவு, கோகிலவாணி ஆபீஸில் இருந்தாள். அம்மா பழைய புடவையை நாலாக மடித்து மாடியில் விரித்து, கிட்டாரை அதன்மேல் படுக்கவைத்து, காக்காய் எச்சமிடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அம்மா எதை வெயிலில் வைப்பாள்? வெள்ளத்தில் நனைந்த மார்க் ஷீட்டுகளை வைத்தாள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு டம்ளரைக் கவிழ்த்து. அம்மா எதைக் காப்பாற்ற நினைத்தாலும் அதைத் தூக்கிக்கொண்டு மாடிக்குத்தான் ஏறுவாள். அன்று சாயங்காலம், இப்ப அட்சிப் பாரு, நல்லா எழும்பும், என்று சொல்லிவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டாள். கோகிலவாணி அடித்தாள். அதே டப்பு. பரவாயில்லையே, என்றாள் அம்மா, அவளுக்கும் தெரியும், இருந்தாலும் சொன்னாள். இதையெல்லாம் சொன்னால் அந்த நிர்மல் இதற்கும் ஒரு சிரிப்பு வைத்திருப்பான். இவன் மட்டும் என்ன, தாயின் வயிற்றில் இருக்கும்போதே கிட்டாரைப் பற்றித் தெரிந்துகொண்டா பிறந்தான்.

ஆனால் வெயிலால் கெட்டிருந்தால்? அதுதான். சுற்றிச் சுற்றி வந்து இங்கேதான் முட்டுகிறது. வெயிலால் கெட்டிருந்தால் அம்மாதான் கெடுத்தாள் என்று ஆகிவிடும். இந்தக் கடையில் அதைச் சொல்லிவிடுவார்கள், முதலாளி வந்து கழுத்தைப் பார்த்து உச்சுக்கொட்டிச் சொல்லிவிடுவார், பிறகு அவள் பஸ் ஏறி வீட்டுக்குப் போகவேண்டும். போனால் அம்மா கேட்பாள், என்னடி சொன்னாங்க, வெயில்ல வெச்சதாலயா. அங்கேயும் மூன்றெழுத்து. வெயிலுக்கு முன்னாலேயே இது இப்படித்தான் இருந்தது, கோகிலவாணிக்குத் தெரியும், வாங்கின முதல் வாரமே விரல் நுனி நான்கும் கொப்பளித்துத் தோல் உரிந்தது, ஆபீஸில் டைப் அடிக்க முடியாமல் ஒற்றைக் கையால் தட்டினாள். ஆனால் அது இந்தக் கிட்டாரின் குற்றம் என்று அப்போது தெரியவில்லையே. தன் குற்றம் என்றல்லவா நினைத்தாள். வீடியோவில் சொல்லிக்கொடுக்கிறவர் சிரித்த முகத்தோடு சொன்னார், வலிக்கும், எல்லாருக்கும் வலிக்கும், விட்டுவிடாதீர்கள். அவள் விடவில்லை. நகத்தை ஒட்ட வெட்டினாள், கட்டைவிரலைக் கழுத்துக்குப் பின்னால் அவர் காட்டிய இடத்திலேயே வைத்தாள், தினமும் வாசித்து முடித்து வியர்வை போகத் துணியால் ஒவ்வொரு கம்பியாகத் துடைத்தாள். எஃப் கார்டு என்கிற பிடி வரவில்லை. ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்கவைத்து ஆறு கம்பியையும் ஒரே அழுத்தாக அழுத்தவேண்டும், வரவேயில்லை. ஆபீஸில் பக்கத்து சீட்டு ஷ்ரவண், ஆறு வயதில் பியானோ கிளாசுக்குப் போனவன், அவள் விரலை எட்டிப் பார்த்துவிட்டு, இதெல்லாம் சின்ன வயசுல ஸ்டார்ட் பண்ணியிருக்கணும் கோகி, என்றான். நல்லவிதமாகத்தான் சொன்னான். எல்லாரும் நல்லவிதமாகத்தான் சொல்கிறார்கள். காலேஜில் முதல் செமஸ்டரில் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தபோதும் இதையேதான் வேறு வார்த்தையில் சொன்னார்கள், பேஸ் சரியில்லை, அடித்தளமே இல்லை என்று. எதுவாக இருந்தாலும் அடியில் ஏதோ ஒன்று அவளுக்குச் சின்ன வயதில் போடாமல் விட்டுவிட்டார்கள். அவளும் விரலைப் பார்த்தாள். அப்பாவுடைய விரல், மூட்டை தூக்குகிற விரல், குட்டையாக, நுனி அகலமாக. இந்த விரலுக்கு இது வராது போலிருக்கிறது என்று நினைத்தாள். நினைத்தாளே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. யாரும் சொல்லாமலே தானே நினைத்தாள்.

ஆபீஸ் ஆண்டுவிழா ஒத்திகையில் ஷ்ரவணின் நண்பன் ஒருவன் கிட்டாரை நாற்காலியில் சாய்த்துவிட்டு டீக்குப் போயிருக்காவிட்டால் இன்னும் அப்படியே நினைத்துக்கொண்டிருப்பாள். தொடலாமா என்று யோசித்தாள். காலேஜ் ஹாஸ்டலில் எதிர் அறைப் பெண் ஒருத்தி வராந்தாவில் உட்கார்ந்து வாசிப்பாள், யாராவது கையை நீட்டினால், தொடாதீங்கப்பா, டியூனிங் போயிடும், என்பாள். மூன்று வருஷம் கோகிலவாணி அதை நம்பினாள். சொந்தமாக ஒன்று வாங்கிய பிறகுதான் தெரிந்தது, தொட்டால் போவதில்லை, தொடாமலே போகிறது, மழைக்கு ஒரு மாதிரி, வெயிலுக்கு ஒரு மாதிரி, தினமும் தானாகவே போகிறது. அந்த எதிர் அறைப் பெண்ணை இப்போது பார்த்தால் ஒன்று கேட்கவேண்டும். கேட்கமாட்டாள், எப்படி இருக்கே என்றுதான் கேட்பாள். அது கிடக்கட்டும். அந்த நாற்காலிக் கிட்டாரை எடுத்தாள். எஃப் பிடித்தாள். வந்தது. அழுத்தவேயில்லை, சும்மா விரலைச் சாய்த்தாள், ஆறு கம்பியும் சேர்ந்து ஒரு வார்த்தை பேசின. திரும்பப் பிடித்தாள், திரும்பவும் வந்தது. பயந்துபோய்க் கீழே வைத்துவிட்டாள், திருடினதுபோல. வைப்பதற்கு முன்னால், கம்பிகள் தன்னுடையதைவிடத் தாழ்வாக இருப்பது கண்ணில் பட்டு, பர்ஸிலிருந்து நாணயத்தை எடுத்து நடுக்கழுத்தில் கம்பிக்கும் கட்டைக்கும் நடுவே செருகிப் பார்த்தாள், ஒன்று போனது, இரண்டாவது இடித்தது. வீட்டுக்கு வந்து தன்னுடையதில் வைத்தாள். மூன்றை அடுக்கி வைத்தாலும் ஆடியது. அந்த உயரத்துக்கு ஆக்‌ஷன் என்று பெயராம், அன்றைக்குத்தான் தேடிப் படித்தாள். கம்பி உயரமாக இருந்தால் யாருக்கும் விரல் வலிக்கும், யாருக்கும் எஃப் வராது. யாருக்கும்.

வாங்கின அன்று ஆக்‌ஷன் என்ற சொல்லை அவள் கேட்டிருந்தாலும் சினிமாவைத்தான் நினைத்திருப்பாள். இதே நிர்மல், இதே இடம். உள்ளே ஏசி அறையில் சுவர் முழுக்க மாட்டியிருந்தவற்றைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதெல்லாம் ப்ரொஃபஷனல் ஐட்டம் சிஸ்டர், உங்களுக்கு இது போதும், என்று வெளியே அடுக்கியிருந்த அட்டைப் பெட்டி ஒன்றைப் பிரித்தான். போதும். அவளுக்குத் தன் கையிருப்பு தெரியும், உள்ளே இருப்பதைக் கேட்டு அவள் அடம் பிடிக்கவில்லை. அவளும் அதைத்தான் வாங்க வந்தாள். ஆனால் அவளுக்கு எது போதும் என்று அவன் எப்படிப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்தான்? செருப்பைப் பார்த்தா? அவள் நல்லதாக ஒன்று எடுத்துக் காட்டுங்கள் என்றாள், எது நல்லது என்று தெரியாமலே. அவன் ஒன்றை எடுத்து மடியில் வைத்து மின்னல் மாதிரி வாசித்துக் காட்டினான், எத்தனையோ வருஷம் வாசித்துக் காய்த்துப்போன விரல், அதற்கு எந்த உயரமும் உயரமில்லை. எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று அவளும் நம்பினாள். பில் போடும்போது பெயரைக் கேட்டு, கோகிலவாணியா, அப்ப பாடினாலே போதுமே, கிட்டார் எதுக்கு, என்றான். அதற்கும் ஒரு போதும். அவளும் கூடச் சேர்ந்து சிரித்து வேறு வைத்தாள். எதற்குச் சிரித்தாள். பிறகு அதை எப்படி வைத்துக்கொண்டாள் என்று இவர்களுக்குத் தெரியுமா. ஊருக்குப் போகிற நாட்களில் கம்பியைக் கொஞ்சம் தளர்த்திவைத்துவிட்டுப் போனாள். ஷூ டப்பா, மாத்திரை டப்பாவில் வருகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை ஆபீஸ் முழுக்கக் கேட்டு வாங்கிப் பைக்குள் போட்டுவைத்தாள், கோகிக்கு உப்பு வேணுமாம் என்று கேலி செய்தார்கள், செய்யட்டும் என்று விட்டாள். வீட்டில் பீரோ ஓரமாக இருந்த அப்பாவின் சட்டைகளைக் கதவுக்குப் பின்னால் ஆணிக்கு மாற்றிவிட்டு அந்த இடத்தில் இதை நிறுத்தினாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, புது மாப்பிள்ளைக்கு எடம் குடுத்தாச்சா, என்று மட்டும் கேட்டார். இப்படியெல்லாம் பார்த்துக்கொண்ட ஒன்றை, ஒரே ஒரு மத்தியானத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, சான்ஸ் கம்மி என்கிறான்.

ஷட்டர் பக்கமிருந்து வெயில் உள்ளே வந்து அவள் காலைத் தொட்டது. காலை நகர்த்தினாள், ஸ்டூல் டக்கென்றது. வெயில் எங்கிருந்து வருகிறது என்று அனிச்சையாகத் திரும்பிப் பார்த்தாள். மேற்குப் பார்த்த கடை. அட்டைப் பெட்டிகள் ஷட்டரை ஒட்டி ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன, ஒவ்வொன்றிலும் கிட்டார் படம். வெயில் முழுக்க அவற்றின்மேல்தான் விழுந்துகொண்டிருந்தது. கீழ்ப் பெட்டிகளின் படம் வெளுத்து, பழுப்புக் கிட்டார் மஞ்சள் கிட்டாராகியிருந்தது. ஒரு மத்தியானத்தில் வெளுக்கிற வெளுப்பா அது. எத்தனை மத்தியானமோ. அவளுடையதும் இந்த அடுக்கிலிருந்துதானே உருவி எடுக்கப்பட்டது. உள்ளே இருப்பவற்றுக்கு ஏசி, ஈரப்பதம் காட்டுகிற ஒரு கடிகாரம்கூடச் சுவரில் இருக்கிறது, இவற்றுக்கு ஷட்டர். அவளுக்கு முகம் சூடேறியது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாளே, இவர்கள் யாராவது இந்தப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்களா. ஒரு பெட்டியைப் பிரிக்கச் சொல்லவேண்டும். புதுசை. அதில் நாணயத்தை வைத்துப் பார்க்கவேண்டும். ஆனால் புதுசில் ஒரு நாணயம்தான் போகுமென்றால்? அப்படியானால் பழுதெல்லாம் மாடியில் நடந்தது, அம்மாதான், அதற்கு அவளே சாட்சி. விரல் கொப்பளித்ததெல்லாம் எந்தக் கணக்கிலும் வராது, எல்லாருக்கும் வலிக்கும் என்றுவிடுவார்கள். பிரிக்கச் சொல்லாமல் கிளம்பிவிடலாம். கிளம்பினால் யாருடைய தப்பு என்று தெரியாமலே இருக்கும், தெரியாமலிருப்பதும் ஒரு சௌகரியம்தான். ஆனால் தெரியாமலிருந்தால் அது வேறு எங்கேயும் போகாது, வழக்கம்போல இந்தக் குட்டை விரல்களில்தான் வந்து உட்காரும்.

முதலாளி தயாளன் பல் குத்திக்கொண்டே வந்தார். நிர்மல் வெளியே வந்து காதருகில் ஏதோ சொன்னான், வடாம் இந்தமுறை வரவில்லை. தயாளன் கிட்டாரைக் கையில் எடுத்தார், திருப்பினார், அவள் எதிர்பார்த்தபடியே உச்சுக்கொட்டினார். வெயில் பட்ட மரம்மா, கம்பெனி ஒத்துக்க மாட்டான், என்றார். குரலில் கெடுதல் ஒன்றும் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. கோகிலவாணி எழுந்துகொண்டாள். இதே மாடலில் புதுசு ஒன்று பிரித்துக் காட்டுங்கள் என்றாள். எதுக்கு என்றார். பார்க்கணும் என்றாள். வாங்கறீங்களா என்று நிர்மல் கேட்டான். அவள் அவனைப் பார்க்காமல் ஷட்டர் பக்கம் கையைக் காட்டி, அதில் கீழே இருக்கிற ஒன்று, என்றாள். தயாளன் அந்தக் கையைத் தொடர்ந்து பெட்டிகளைப் பார்த்தார், அவற்றின்மேல் கிடந்த வெயிலைப் பார்த்தார், நிர்மலுக்குத் தலையசைத்தார். நிர்மல் டேப்பைக் கத்தியால் கீறினான். பிளாஸ்டிக் உறையோடு புதுசு வெளியே வந்தது, வார்னிஷ் வாசனையும் கூடவே. அவள் பர்ஸைத் திறந்தாள், நாணயங்கள் விரலுக்குச் சிக்காமல் வழுக்கின. ஒன்றை வைத்தாள். இரண்டாவதை வைத்தாள். மூன்றாவதை வைத்தாள். மூன்றும் போய் ஆடின. அவளுடையதைப் போலவே, அச்சு மாறாமல் ஆடின.

கெடுத்தது அம்மா இல்லை. முதலில் வந்தது அதுதான், அம்மா இல்லை, அம்மா இல்லை, என்று உள்ளே ஏதோ ஓடியது. விரலும் இல்லை. அது கொஞ்சம் பின்னால் வந்தது. நிர்மல் எட்டிப் பார்த்துவிட்டு, இந்த ரேஞ்ச்ல எல்லாமே இப்படித்தான் மேம் வரும், என்றான். சிஸ்டர் மேம் ஆகிவிட்டாள். “அப்ப அன்னிக்கே ஏன் சொல்லல?” “நீங்க கேக்கலையே.” “எனக்குத்தான் தெரியாதே. தெரியாதத எப்படிங்க கேக்கறது?” இவ்வளவு நாளாக எல்லா இடத்திலும், அட்மிஷன் வரிசையில், ஹாஸ்டலில், இன்டர்வியூவில், தொண்டையில் நின்றுகொண்டிருந்தது இந்த ஒரு கேள்விதான் போலிருக்கிறது, இங்கே வந்து ஒரு கிட்டார் கடையில் வெளியே விழுந்துவிட்டது. தயாளன் தொண்டையைச் செருமினார். மாத்தித் தர முடியாதும்மா, மாத்தினாலும் இதேதான் வரும், வேணும்னா தேச்சுத் தரேன், என்றார். தேய்த்தால் சரியாகுமா என்றாள். ஆகும் என்றார், அது ஒன்றுமே இல்லை என்பதுபோல.

ஒன்றுமேதான் இல்லை. நிர்மல் கம்பிகளைத் தளர்த்தி, அடியில் அவற்றைத் தாங்கிக்கொண்டிருந்த சின்ன வெள்ளைத் துண்டை உருவி எடுத்தான், பல் மாதிரி இருந்தது, பிளாஸ்டிக். உப்புத்தாளைக் கண்ணாடிமேல் விரித்து அதன் அடிப்பக்கத்தைத் தேய்த்தான். வெள்ளைத் தூள் உதிர்ந்தது, துண்டு தேயத் தேயக் கம்பி கீழே இறங்குமாம். வைத்துப் பார்த்தான், எடுத்தான், இன்னும் கொஞ்சம் தேய்த்தான். கீபோர்டுக்காரர் டீ சொல்லியிருந்தார், டீ வருவதற்குள் முடிந்துவிட்டது. கம்பியை முறுக்கிச் சுருதி சேர்த்து அவளிடம் நீட்டினான். ஸ்டூலில் உட்கார்ந்து, அவர்கள் பார்க்கிறார்களே என்ற கூச்சத்தோடு, எஃப் பிடித்தாள். முதல் தடவை ஒரு கம்பி மட்டும் முனகியது. விரலை ஒரு நூல் நகர்த்தினாள். வந்தது. தன்னுடைய கிட்டாரில், தன்னுடைய விரலில் வந்தது. சந்தோஷமாக இருக்கும் என்று எத்தனையோ நாள் நினைத்திருந்தாள், வந்ததோ ஆத்திரம், கண்ணில் தண்ணீர் முட்டுகிற அளவுக்கு ஆத்திரம். இத்துணூண்டு தூள். கண்ணாடிமேல் சிட்டிகை அளவுகூட இல்லை, ஊதினால் பறந்துவிடும். இதற்காகவா அப்பா கொடுத்த விரலைக் குற்றம் சொன்னாள். தயாளன் சந்தோஷமாம்மா என்று கேட்டார். அவள் கிட்டாரைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்து, தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். நிர்மல் புதுசை உறையில் போட்டு, பெட்டிக்குள் திரும்ப இறக்கப்போனான்.

“அதையும் தேய்ங்க,” என்றாள்.

“இது விக்கறதுக்கு வெச்சது மேம்.”

“அதனாலதான்.”

அவன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி அவளைப் பார்த்தார். அவள் பையைத் தோளிலிருந்து இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, ஸ்டூலில் நன்றாக உட்கார்ந்தாள்.